கையெழுத்துப் போடாத வியாழக்கிழமை

அந்தப் படிவத்தின் அடியில் என் பெயரைப் போட்டு, பக்கத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். கோட்டுக்கு மேலே ஒரு வழிகாட்டியைப் பற்றிப் பத்துக் கேள்விகள். விளக்கம் தெளிவாக இருக்கிறதா, எடுத்துக்காட்டுகள் போதுமா, படிகள் வரிசையாக வருகின்றனவா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று எழுதி, கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. அந்த வெள்ளிக்கிழமையோடு என்னுடைய மூன்று மாதத் தற்காலிக வேலையும் முடிகிறது.

"நீங்க இத சைன் பண்ணிக் குடுங்கக்கா, நான் உங்க பெர்மனன்ட் லெட்டர சைன் பண்ணிக் குடுக்கறேன். ரெண்டையும் ஒண்ணா முடிச்சிருவோம் லா" என்று பாஸ் சிரித்துக்கொண்டே சொன்னார். மிரட்டும் ஆள் இல்லை அவர். அன்று காலையில்கூட எனக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கி வந்திருந்தார். ஆனாலும் எனக்கு அது மிரட்டலாகத்தான் கேட்டது, ஏனென்றால் எனக்கு அந்த வேலை வேண்டும்.

எவ்வளவு வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் செய்முறைத் தாள் எழுதிக்கொண்டிருந்தவள். எந்தத் திருகை முதலில் முடுக்க வேண்டும், எந்த விளக்கு எரிந்தால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் வேலைசெய்பவர்கள் பார்த்துச் செய்யும்படி எழுதித் தருவது என் பிழைப்பு. போன வருடம் அந்தப் பிரிவையே வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எங்களுக்கு ஒரு கேக் வெட்டி, ஒரு குழுப்படம் எடுத்து வழியனுப்பி வைத்தார்கள். அதன் பிறகு எட்டு மாதம் நேர்முகத் தேர்வு நேர்முகத் தேர்வாக ஏறி இறங்கினேன். ஓரிடத்தில் என் மகள் வயதுப் பெண் ஒருத்தி, "புதுசா எதும் கத்துக்க முடியுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். பல்லைக் காட்டிப் பதில் சொல்லிவிட்டு, கழிவறையில் போய் அழுதேன். இப்போது நினைத்தாலும் அவள்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை.

அப்படி இருந்தவளுக்குத்தான் இந்த அலுவலகம் கிடைத்தது. சூலியா தெருவில் பணமாற்றுக் கடைக்கு மேலே, செங்குத்தான மரப்படி ஏறினால் ஒரு நீளமான அறை. பதினோரு மணி ஆனால் பக்கத்து நாசி கண்டார் கடையின் குழம்பு வாசம் சன்னல் வழியாக உள்ளே வந்து எல்லாரையும் வேலை செய்யவிடாமல் செய்துவிடும். பாஸும் இரண்டு பையன்களும்தான் நிரல் எழுதுகிறவர்கள். பாஸுக்கு முப்பத்திரண்டு வயது. கட்டடம் அவர் அப்பாவுடையது. மூவருக்கும் சதுரங்கப் பைத்தியம். எனக்கோ குதிரை கோணலாகப் போகும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அவர்கள் செய்திருந்த கருவியைப் புரிந்துகொள்வது கடினமில்லை. இணையத்தில் சதுரங்கம் ஆடும் பெரிய தளம் ஒன்று இருக்கிறது. உலகத்தில் எந்த மூலையில் யார் ஆடினாலும், ஒவ்வொரு நகர்த்தலும் அங்கே பதிவாகிவிடும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பதற்குள் விடிந்துவிடும். பாஸின் கருவியில் ஆட்டக்காரர் பெயர், வருடம், மாதம் என்ற மூன்றையும் தட்டினால் போதும். அந்த மாதம் அவர் ஆடிய அத்தனையையும் அள்ளி ஒரே கோப்பில் போட்டுத் தந்துவிடும். பினாங்கில் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர்கள் சிலர் சேர்ந்து அதைக் கேட்டிருந்தார்கள். எந்தப் பிள்ளை மாதத்துக்கு எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறது என்று அதில் பார்த்துத்தான் அடுத்த பயிற்சி முகாமுக்கு ஆள் எடுப்பதாக இருந்தார்கள். திங்கட்கிழமை அவர்கள் கைக்குக் கருவி போக வேண்டும்.

கருவியோடு கூடப் போகும் வழிகாட்டியைப் பாஸே எழுதியிருந்தார். இரண்டு மாதம், சனிக்கிழமைகளில் உட்கார்ந்து, மலாயில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக. நாற்பது பக்கத்துக்குக் குறையாது. அழகான படங்கள், பெட்டி கட்டிய குறிப்புகள். அதைச் செயற்கை நுண்ணறிவு நிரல் ஒன்றிடம் கொடுத்து மதிப்பெண் கேட்டிருக்கிறார். அது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டு, மிகச் சிறப்பு என்று நாலு வரி பாராட்டும் எழுதித் தந்திருக்கிறது. அந்தத் தாளைக் கோப்பி போடும் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தார். மிச்சம் நாலு மார்க் எங்கே போனது என்று ஒருநாள் கேட்டேன். அவர் முகம் சின்னதாகிவிட்டது.

நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று முறை படித்துவிட்டேன். ஐம்பதுக்கு மேல் சின்னச் சின்ன ஓட்டைகள் கிடைத்தன. சொன்னவுடன் பாஸ் மறுபேச்சில்லாமல் திருத்தினார். அதற்கு மேல் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பத்துக் கேள்விக்கும் எட்டும் ஒன்பதுமாக மனதுக்குள் மதிப்பெண்கூடப் போட்டுவிட்டேன். ஆனால் பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை. படிக்க நன்றாக இருப்பது வேறு, பார்த்துச் செய்ய வருவது வேறு. அந்த அறையில் இருந்த எங்கள் நாலு பேரைத் தவிர வேறு எவரும் அந்த வழிகாட்டியைப் பார்த்ததில்லை.

தொழிற்சாலையில் இதை விடமாட்டார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதுத் தாள் எழுதினால், வேறு பிரிவிலிருந்து, அந்த வேலையையே பார்த்திராத ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அவர் தாளில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துப் படித்துச் செய்வார். எழுதியவர் அவருக்குப் பின்னால் கையைப் பின்பக்கம் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. விரல் எந்த வரியில் நின்றுவிடுகிறதோ, அங்கே ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டுவார்கள். தவறாகச் செய்தாலும் சிவப்புப் புள்ளி. செய்தவர்மேல் பழி கிடையாது, பழியெல்லாம் தாள்மேல்தான். இடையில் எழுதியவர் ஒரு வார்த்தை பேசிவிட்டால், அதுவரை செய்தது செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். என் முதல் தாளுக்குப் பதினேழு புள்ளி விழுந்தது. அதில் மூன்று முறை நான் வாயைத் திறந்து முதலிலிருந்து தொடங்கினோம். அன்று ஏற்பட்ட அவமானத்தில்தான் நான் உருப்பட்டேன்.

புதன்கிழமை காலையில் பாஸின் மேசைக்குப் போய்ச் சொன்னேன்.

"பாஸ், வெளியாளு ஒருத்தர வச்சு ஒரு தடவ செஞ்சு பாத்துட்டு சைன் பண்றேன்."

"எதுக்குக்கா? நாங்க மூணு பேரும் நூறு தடவ ஓட்டிப் பாத்துட்டோம் லா."

"நீங்க ஓட்டினீங்க. படிச்சு ஓட்டினீங்களா?"

அவர் மேசையில் இருந்த நாட்காட்டியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "திங்கக்கிழம போயாகணும். நாளைக்கு அரை மணி நேரம் தரேன். ஆள நீங்களே பாத்துக்குங்க. அதுக்கப்புறம் சைன் பண்ணிரணும், சரியா?" என்றார். குரலில் சிரிப்பு இல்லை. வாயை மூடிக்கொண்டு கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று என் இடத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகு பத்து முறை நினைத்தேன்.

ஆள் வேண்டும். சதுரங்கம் ஆடத் தெரிந்திருக்க வேண்டும், கணினியோடு பழக்கம் இருக்கக் கூடாது, மலாய் நன்றாகப் படிக்க வேண்டும். யோசித்தபோது, என்னைப் பத்தொன்பது வருடம் தொழிற்சாலைக்கு ஏற்றிக்கொண்டு போன பஸ் ஓட்டுநர் நினைவுக்கு வந்தார். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பஸ் நின்றால் அவர் கையில் ஹேண்ட்போன் இருக்கும், அதில் சதுரங்கம் இருக்கும். நாங்கள் ஏறும்போது யாரோ முகம் தெரியாதவனைத் திட்டிக்கொண்டிருப்பார். அன்று மதியமே அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு பாயான் லெப்பாஸுக்குப் போனேன். அண்ணன் வழக்கமான மரத்தடியில் பஸ்ஸை நிறுத்தி, ஸ்டீயரிங்கில் ஹேண்ட்போனைச் சாய்த்துவைத்து ஆடிக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கண் விரிந்தது.

"நா ஆடினதெல்லாம் பேப்பர்ல வருமா?"

"வரணும்ண்ணே. வருதான்னு பாக்கத்தான் உங்கள கூப்பிடறேன்."

"அப்போ எனக்கு ஒரு கேம் வேணும்மா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மே ஒண்ணாந்தேதி. தொழிலாளர் தினம், ஆனா கிலாங்குல, ஃபேக்டரியில, ஓவர்டைம். பஸ்ல பாதிதான் ஆளு. எறக்கி விட்டுட்டு இங்கதான் நிறுத்தினேன், மணி ஆறரை இருக்கும். ஒருத்தன் வந்து மாட்டினான். பேருக்கு முன்னால மாஸ்டர் பட்டம் போட்டிருந்துச்சு. நெசமான பட்டம்மா, சும்மா போட முடியாது. அவன ஜெயிச்சேன்."

"நெசமாவாண்ணே?"

"பாத்தியா, நீயும் நம்பல. கோப்பிக் கடையில ஒரு பயலும் நம்பல. பட்டம் உள்ளவன் உன்னோட ஏன் ஆடப் போறான்னு கேக்கறானுங்க. ஹேண்ட்போன்ல காட்டினா, அதெல்லாம் ஏதோ செஞ்சு வச்சிருக்கேங்கறானுங்க. பேப்பர்ல இருந்தா போர்டுல காய வச்சு ஒவ்வொண்ணா நகத்திக் காட்டுவேன்ல?"

அவருக்கு அந்த ஆட்டம் வேண்டும், எனக்கு அந்த வேலை வேண்டும். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னார்.

வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி மரப்படி ஏறி வந்தார். நான் கணினிக்கு முன்னால் நாற்காலி போட்டு, வழிகாட்டியின் மலாய்ப் பிரதியை அச்சடித்து வைத்திருந்தேன். விரல் வைத்துப் படிக்கச் சொன்னேன். பாஸை அவருக்குப் பின்னால் நிறுத்தினேன்.

"கையப் பின்னால கட்டிக்கணும் பாஸ். பேசக் கூடாது. பேசினா முதல்லேருந்து."

"என்னக்கா, ஸ்கூலா இது?" என்றார். ஆனாலும் கட்டிக்கொண்டார். பையன்கள் இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள்.

முதல் இரண்டு பக்கம் ஓடியது. அண்ணன் ஒற்றை விரலால் தட்டினாலும் சரியாகத் தட்டினார். மூன்றாம் பக்கத்தில், ஆட்டக்காரரின் பெயரையும் வருடத்தையும் மாதத்தையும் கீழே உள்ளபடி தட்டவும் என்று ஒரு வரி. அதன் கீழே ஓர் எடுத்துக்காட்டு. அண்ணன் அந்த வரியைப் படித்தார், கீழே இருந்ததை அப்படியே எழுத்துப் பிசகாமல் தட்டினார். திரை முழுக்க ஆட்டங்கள் கொட்டின.

"வந்துருச்சும்மா!" என்று சந்தோஷமாகக் கத்தினார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "ஆனா இது நா ஆடினது மாதிரி தெரியல. இந்த ஆளு தோத்துக்கிட்டே இருக்கான். ஒரே நாள்ல ஏழு தோல்வி, மறுநாளு எட்டு தோல்வி. வேல வெட்டி இல்லாதவன் போல."

பாஸ் எடுத்துக்காட்டாகப் போட்டிருந்தது தன் சொந்தப் பெயரை. பையன்களில் ஒருவன் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டான். பாஸ் வாயைத் திறக்கப் போனார். நான் உதட்டில் விரல் வைத்தேன். காது மட்டும் செக்கச் சிவந்து நின்றார். நான் சிவப்புப் புள்ளியை எடுத்து அந்த எடுத்துக்காட்டின்மேல் ஒட்டினேன். சிரித்துக்கொண்டேதான் ஒட்டினேன், ஆனால் எனக்கும் உள்ளே குத்தியது. மாதிரிக்குப் போட்ட எண்ணை அப்படியே அடித்து ஒரு தட்டுச் சரக்கையே பாழாக்கியவர்களைத் தொழிற்சாலையில் எத்தனை முறை பார்த்திருப்பேன். மூன்று முறை படித்தும் அது என் கண்ணில் படவில்லை.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் சுதாரித்துக்கொண்டு தன் பெயரைத் தட்டினார், வருடத்தைத் தட்டினார், ஐந்தாம் மாதம் என்று தட்டினார். இந்த முறை அவருடைய ஆட்டங்களே வந்தன. அவர் விரல் திரையின் மேலிருந்து கீழே இறங்கியது. திரும்ப மேலே ஏறியது. மறுபடியும் இறங்கியது. அப்புறம் நின்றுவிட்டது.

"ஒண்ணாந்தேதி கேம் இல்ல" என்றார்.

அவர் தாளைப் புரட்டினார். ஆட்டம் காணாமல் போனால் என்ன செய்வது என்று ஒரு பகுதி இருந்தது. அதில் சொன்னபடி பெயரைச் சரிபார்த்தார், மறுபடி ஓட்டினார். ஒண்ணாந்தேதி ஆடிய வேறு ஆட்டங்கள் இருந்தன. மாஸ்டரை ஜெயித்த ஆட்டம் மட்டும் இல்லை. அண்ணனின் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கோப்பிக் கடையில் சொன்னது சரிதானோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது.

அங்கேதான் பாஸ் வாயைத் திறந்தார். "அண்ணே, தேதிய மறந்திருப்பீங்க. ரெண்டாந்தேதியா இருக்கும்."

செய்தவர்மேல் பழி போட்டது எனக்குச் சுருக்கென்றது. "செல்லாது பாஸ். பேசிட்டீங்க" என்றேன். வார்த்தை கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. சம்பளம் கொடுக்கிறவரிடம் அந்தக் குரலில் பேசியிருக்கக் கூடாதுதான். பேசிவிட்டேன்.

அண்ணன் அதற்குள் சட்டைப்பையிலிருந்து ஹேண்ட்போனை எடுத்திருந்தார். தன் பழைய ஆட்டங்களை விரலால் தள்ளத் தொடங்கினார். அவர் ஒரு நாளைக்கு இருபது ஆட்டம் ஆடுகிறவர். தள்ளத் தள்ள அது வந்துகொண்டே இருந்தது. பாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொடுத்த அரை மணி எப்போதோ தீர்ந்துவிட்டது. நான் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்த மனிதர் தேதியை மறந்திருந்தால் நாளையோடு நான் வீட்டில்தான் என்று தெரிந்தே நின்றேன். உள்ளங்கை ஈரத்தில் தாள் நெளிந்துபோனது.

"இந்தா" என்றார் அண்ணன்.

ஹேண்ட்போனை மேசைமேல் வைத்தார். மே ஒன்று, காலை ஆறு நாற்பது. எதிராளியின் பெயருக்கு முன்னால் பட்டம். அண்ணனின் பெயருக்குப் பக்கத்தில் வெற்றி.

பாஸ் குனிந்து பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். விசைப்பலகையை வாங்கி ஏதேதோ தட்டினார். ஐந்தாம் மாதத்தில் இல்லை. ஹேண்ட்போனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, எதையோ நினைத்துக்கொண்டவராக, நாலாம் மாதம் என்று தட்டினார். அண்ணனின் ஏப்ரல் மாத ஆட்டங்கள் வரிசையாக இறங்கின. கடைசி வரியில் அது உட்கார்ந்திருந்தது, ஏப்ரல் முப்பது, இரவு பத்து நாற்பது என்ற தேதியோடு.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பாஸ்தான் மெதுவாக, ஏறக்குறைய தனக்குத்தானே சொன்னார். அந்தத் தளத்தின் கடிகாரம் நம் கடிகாரம் இல்லை. எட்டு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நமக்கு மே ஒண்ணாந்தேதி காலை ஆறு நாற்பது என்றால் அதற்கு இன்னும் ஏப்ரல் முடியவில்லை. மாதத்தின் முதல் நாள் காலை எட்டு மணிக்கு முன்னால் இங்கே யார் ஆடினாலும் அது போன மாதக் கணக்கில்தான் போய் விழும். ஹேண்ட்போன் மட்டும் நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டிவிடுகிறது.

"நீங்க யாருமே காலையில ஆடினதில்லையா?" என்று கேட்டேன்.

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து மணிக்கு எழுந்து பத்தரைக்கு அலுவலகத்துக்கு வருகிற பிள்ளைகள். நூறு தடவை ஓட்டிப் பார்த்ததெல்லாம் அவர்கள் ஆட்டங்களை வைத்துத்தான். விடிவதற்கு முன்னால் ஆளை இறக்கிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து ஆடுகிற ஒரு மனிதர் இருப்பார் என்று இவர்களில் யாருக்குத் தோன்றும்? அந்தச் செயற்கை நுண்ணறிவுக்கும் தோன்றவில்லை. அது இருப்பதைத்தான் படித்தது. இல்லாத ஒரு வரியைத்தான் அண்ணனின் விரல் கண்டுபிடித்தது.

"டூல் சரியாத்தான் எடுக்குது" என்றார் பாஸ், தன் பிள்ளையைக் காப்பாற்றுகிற அப்பா மாதிரி.

"ஆமா பாஸ். டூல் மேல தப்பே இல்ல. டாக்குமென்ட்தான் சொல்லல."

அவர் எழுந்தார். மரப்படியில் தடதடவென்று இறங்கிப் போய்விட்டார்.

அவ்வளவுதான், வேலை போனது என்று நினைத்தேன். ஆனாலும் உட்கார்ந்து படிவத்தை எடுத்தேன். பத்துக் கேள்விக்கும் மதிப்பெண் போடும் கட்டங்களைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தேன். கீழே, இன்னும் வெளியே போகக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதி, காரணம் இரண்டையும் எழுதினேன். எனக்காக இழுத்திருந்த கோட்டை வெறுமையாகவே விட்டேன். ஒரு பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, தைரியம்தான்" என்றான். தைரியமாவது ஒன்றாவது. சரி என்று எழுதியிருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க முடியாது, அவ்வளவுதான். அண்ணனுக்கு நடந்தது எதுவும் கவலையில்லை. தன் ஆட்டத்தை அச்சடித்து வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்து, அதை இரண்டு முறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

பாஸ் கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் ஐந்து பொட்டலம் நாசி கண்டார். ஒன்றை அண்ணனுக்கு முன்னால் வைத்தார். படிவத்தை எடுத்துப் படித்தார். பிறகு எங்கள் எல்லார் முன்னாலும் நின்றுகொண்டே பயிற்சியாளர்களின் தலைவருக்குப் போன் போட்டார். திங்கட்கிழமை வராது, நான் எழுதிய வழிகாட்டியில் தப்பு இருக்கிறது, கண்டுபிடித்துவிட்டோம் என்று மலாயில் சொன்னார். 'நான் எழுதிய' என்ற வார்த்தையை விழுங்காமல் சொன்னார். அந்த நிமிடம் எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

எதிர்முனையில் இருந்தவர் நீளமாக ஏதோ பேசினார். பாஸின் முகத்தில் ஈயாடவில்லை. போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"அவங்க பிள்ளைங்களுக்கு ப்ராக்டிஸே காலையில ஆறு மணிக்காம். ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னால. ஒண்ணாந்தேதி ஆடினதெல்லாம் கணக்குல வராமப் போயிருந்தா ஒரு ஆட்ட வித்தியாசத்துல எத்தன பிள்ளைங்களுக்கு முகாம் போயிருக்குமோ." சுவரில் ஒட்டியிருந்த தொண்ணூற்றாறு தாளை ஒரே இழுப்பில் கிழித்தார். "சாப்பிடுங்கக்கா. ஆறிடும்."

வெள்ளிக்கிழமை என் மூன்று மாதம் முடிந்தது. கடிதம் வரவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. திங்கட்கிழமை காலையில் நான் கிளம்பும்போது, "எந்த வேலைக்குப் போற?" என்று என் வீட்டுக்காரர் நியாயமாகத்தான் கேட்டார். ஆனால் பாதியில் விட மனம் வரவில்லை. போய் பாஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வாரம் முழுக்க மூன்றாம் பக்கத்தைக் குடைந்தோம். எடுத்துக்காட்டில் பாஸின் பெயரை எடுத்துவிட்டு, இங்கே உங்கள் பெயர் என்று எழுதினோம். கடிகாரத்தைப் பற்றிப் பாஸ் அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். நான் அதை மூன்று வரியாக வெட்டினேன். கோபித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அந்த மூன்று வரியே போதும் என்று ஒத்துக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை மூன்று பேரைக் கூட்டி வந்தோம். கீழே பணமாற்றுக் கடையில் உட்காரும் பெரியவர், பையன்களில் ஒருவனின் சின்னம்மா, பயிற்சியாளர்களில் ஒருவர். பாஸ் யாரும் சொல்லாமலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முதல் ஆள் முடித்தார், விரல் எங்கும் நிற்கவில்லை. இரண்டாவது ஆளும் முடித்தார். பயிற்சியாளர் ஒண்ணாந்தேதி காலை ஆட்டத்தைத் தேடும்போது நான் மூச்சு விடவில்லை. அவர் கடிகாரக் குறிப்பைப் படித்தார், தலையை ஆட்டினார், முந்தின மாதத்தைத் தட்டினார், ஆட்டத்தை எடுத்தார். என் கையில் இருந்த சிவப்புப் புள்ளி அட்டையில் ஒன்றுகூடக் குறையவில்லை. பையன்கள் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். நானும் தட்டினேன், கை சிவக்கச் சிவக்க. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு புள்ளியும் இல்லாத தாளை நான் இரண்டே முறைதான் பார்த்திருந்தேன்.

அன்று மாலை பாஸ் இரண்டு தாளை என் மேசைக்குக் கொண்டுவந்தார். ஒன்று புதுப் படிவம். அதில் மதிப்பெண் போட்டேன், வஞ்சகமில்லாமல் போட்டேன், கையெழுத்தும் போட்டேன். இன்னொன்று என் நியமனக் கடிதம். அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். அதைக் கையில் வாங்கியபோது கண் கலங்கிவிட்டது என்பதை மறைக்கவில்லை. ஆனால் பழக்கம் விடுமா? ஒவ்வொரு வரியாகப் படித்தேன். படித்து முடித்துத் திருப்பி நீட்டினேன்.

"ஒரு வரி விட்டுப் போச்சு பாஸ்."

அவர் திருதிருவென்று விழித்தார். "என்னக்கா, சம்பளமா?"

"சம்பளம் சரியா இருக்கு. நா சைன் பண்ணாம இங்கேருந்து எந்த டாக்குமென்ட்டும் வெளிய போகாதுன்னு ஒரு வரி சேத்துருங்க."

"அப்போ நீங்க சைன் பண்ண மாட்டேன்னா நா என்னக்கா பண்றது?"

"திருத்தறது."

ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார், கடிதத்தை வாங்கிக்கொண்டு போனார். அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. புதுத் தாளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மேசைக்கு முன்னாலேயே நின்றார். பையன்களும் எழுந்து வந்து நின்றார்கள்.

தொழிற்சாலையில் என் கையெழுத்து ஐந்து கையெழுத்துகளில் நாலாவது. நான் போடாவிட்டாலும் தாள் போய்க்கொண்டுதான் இருக்கும், எத்தனையோ முறை போயிருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்று பேர் என் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் புது வரியை இரண்டு முறை படித்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, நிதானமாக முழுப் பெயரையும் எழுதினேன்.